சும்மா கிடக்கும் சைலன்சர் ஏன் கெடுகிறது?

காவிரியின் கடைமடையில் ஆயில் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். சம்பா நட்ட பிறகு வாய்க்காலில் தண்ணீர் தாழும் நாட்களில் என்ஜின் இரவும் பகலும் ஓடும். தை அறுவடை முடிந்ததும் அதைக் கொட்டகைக்குள் தள்ளிச் சாக்குப் போட்டு மூடிவிட்டால், மேட்டூர் அணை திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும் வரை யாரும் அதன் அருகே போகமாட்டார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் வீட்டில் இருந்த ஐந்து குதிரைத்திறன் என்ஜினில் நான் சிறு வயதிலிருந்து பார்த்து வந்த ஒரு விஷயம் உண்டு. அதன் சைலன்சர் ஓடும்போது ஒருநாளும் ஓட்டையானதில்லை. மாதக்கணக்கில் கிடந்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும் முதல் நாளில்தான் அடிவயிறு கிழிந்து ஊரே அதிரும்படி வெடிக்கும். கழற்றிப் பார்த்தால் மேல்பக்கத் தகடு பெயின்ட் கூடப் போகாமல் இருக்கும், அடிப்பக்கத்தில் விரலை வைத்தால் உள்ளே போய்விடும்.

பல ஆண்டுகள் கழித்து இயந்திரவியல் படித்தபோது, பின்லாந்திலும் நார்வேயிலும் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கள் ரைபிளின் முனையில் மாட்டும் சைலன்சரைப் பற்றிச் சொல்லும் குறையும் இதுவேதான் என்று அறிந்தேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆகவே துப்பாக்கிச் சைலன்சர் நமக்குப் புழங்கும் பொருளாக இல்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது என்பதை அறிந்துகொண்டால், நம் வயல் வரப்பில் நிற்கும் என்ஜினின் நோயும் விளங்கிவிடும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது தற்செயல் அல்ல. அமெரிக்கப் பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். 1884இல் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மாக்சிமின் மகன் இவர். தந்தை கண்ட கருவியின் ஓசை உலகையே நடுங்க வைத்த காலத்தில் மகன் ஓசையை அடக்கும் வழியைத் தேடினார். மோட்டார் வாகனத் தொழிலிலிருந்து வந்த அவர், என்ஜினின் புகைக்குழாயிலும் துப்பாக்கிக் குழலிலும் ஒரே கோட்பாட்டைக் கண்டார். அவர் தொடங்கிய நிறுவனமும் பின்னாளில் துப்பாக்கியை விட்டு இயந்திரங்களுக்கான சைலன்சர் பக்கமே திரும்பியது.

துப்பாக்கி சுடும்போது ஓசை எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வேட்டை ரைபிளின் ஒரு தோட்டாவில் ஏறத்தாழ மூன்று கிராம் வெடிமருந்து இருக்கிறது. அது எரிந்து வாயுவாகும்போது குழலின் அடியில் காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கு வரை அழுத்தம் எழுகிறது. குண்டு குழலின் வாயைத் தாண்டும் நொடியிலும் அதன் பின்னால் சில நூறு மடங்கு அழுத்தம் மிச்சமிருக்கிறது. அடைபட்டிருந்த அந்த வாயு ஒரே கணத்தில் வெளிக்காற்றின் மீது மோதுவதைத்தான் நாம் வெடிச்சத்தமாகக் கேட்கிறோம். அதன் உச்சம் 160 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலைத் தாண்டிய வெடியோசை ஒரே முறையில் செவியைக் காயப்படுத்தக்கூடும் என்பதால், வேட்டைக்காரரும் அவருடைய நாயும் செவிடாகாமல் இருப்பதற்கான கருவியாகவே அந்த நாடுகளில் சைலன்சர் கருதப்படுகிறது.

சைலன்சர் இந்த வாயுவை அடைத்துவைப்பதில்லை, அதன் அவசரத்தைத்தான் குறைக்கிறது. குழலின் முனையில் மரையிட்டு மாட்டப்படும் அந்த உருளைக்குள், நடுவில் துளையுள்ள தடுப்புத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. குண்டு எதையும் தொடாமல் துளைகளின் வழியே நேராகப் போய்விடும். பின்னால் வரும் வாயு ஒவ்வொரு அறையிலும் விரிந்து, சுழன்று, தகட்டில் மோதி, சூட்டை உலோகத்துக்குக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகும். ஆற்றுத் தலைப்பில் ஷட்டரைத் தூக்கும்போது பாய்ந்து வரும் தண்ணீரை நேரே வாய்க்காலில் விட்டால் கரை நிற்காது. அதற்காகத்தான் மதகின் கீழ்ப்புறத்தில் பள்ளமான தொட்டியும் கருங்கல் தளமும் கட்டியிருப்பார்கள். தண்ணீர் அங்கே புரண்டு நுரைத்துத் தன் வேகத்தை விட்டுவிட்டு வாய்க்காலுக்குள் நடந்து போகும். சைலன்சரின் ஒவ்வோர் அறையும் வாயுவுக்கு அப்படிப்பட்ட ஒரு தொட்டி.

இவ்வாறு அடங்குவது 20 முதல் 35 டெசிபல் வரைதான். 30 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது என்பது பெரிய சாதனை. ஆனாலும் 165இல் 30 போனால் 135 மிச்சமிருக்கிறது. மேலும், நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு ஒலியைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால், வழி நெடுக அது எழுப்பும் சாட்டையடி போன்ற ஓசையைக் குழலின் முனையில் இருக்கும் எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது. திரைப்படத்தில் வரும் 'புஸ்' என்ற சத்தத்தை மறந்துவிட வேண்டும்.

என்ஜினின் சைலன்சரில் வேலை சற்று மாறுபடுகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும் நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிதல் நிகழ்வதால், நொடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று சிறு வெடிகள் குழாய்க்குள் வந்துகொண்டே இருக்கின்றன. இங்கே அறைகள் வாயுவின் வேகத்தை உடைப்பதோடு ஒலி அலையைத் திருப்பியும் அனுப்புகின்றன. நரசிங்கன்பேட்டையில் செய்யப்படும் நாதஸ்வரத்தின் அடியில் உள்ள புனல் போன்ற அணைசு படிப்படியாக விரிவதால், உள்ளே பிறந்த ஒலி தயக்கமின்றி வெளிக்காற்றோடு கலந்துவிடுகிறது. விரிவு படிப்படியாக இல்லாமல் திடீரென்று நேர்ந்தால் ஒலியின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பும். குழாயைப் போல மூன்று மடங்கு விட்டமுள்ள ஓர் அறையை நடுவில் வைத்தாலே, அறையின் நீளம் பொருந்தி வரும் அலைவரிசையில் ஏறத்தாழ 13 டெசிபல் குறைந்துவிடும். அணைசு செய்கிற ஆசாரியும் சைலன்சர் செய்கிற பொறியாளரும் ஒரே விதியின் இரண்டு முனைகளில் வேலை பார்க்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி, கெடுவதற்கு வருவோம். சைலன்சர் சாவதற்கு இரண்டு வழிகள் உண்டு: சூட்டில் சாவது, ஈரத்தில் சாவது.

சூட்டில் சாவது படைவீரரின் சைலன்சர். இடைவிடாமல் சுடும்போது ஒவ்வொரு குண்டும் உலோகத்தைச் சில பாகை சூடேற்றுகிறது. நூறு குண்டுகளில் அது பல நூறு பாகையைத் தொடும். 200 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அலுமினியம் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். டைட்டானியம் எடை குறைவு, துருப் பிடிக்காது; ஆனால் கடும் சூட்டில் தளர்ந்து, தீப்பொறி பறக்கத் தேயும். அதனால்தான் கடும் வேலைக்கு விமான என்ஜினில் பயன்படும் இன்கோனல் போன்ற நிக்கல் உலோகக் கலவையைத் தேர்கிறார்கள். எந்த உலோகமானாலும் வாயுவை முதலில் எதிர்கொள்ளும் தகடுதான் முதலில் அரிக்கப்படும். எரியாத வெடிமருந்துத் துகள்கள் மணலை வீசியடிப்பது போல அதன் துளையின் விளிம்பைத் தின்கின்றன. குழல் குட்டையாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

வேட்டைக்காரரின் சைலன்சர் அப்படிச் சாவதில்லை. அவர் ஒரு நாளில் ஒரு குண்டு சுடுவார், அதிகமானால் இரண்டு அல்லது மூன்று. வெடிமருந்து எரியும்போது பிறக்கும் வாயுக்களில் நீராவியும் ஒன்று. அது பனிக்காலத்துக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டவுடன் நீராகப் படிகிறது. நூறு குண்டு சுட்டிருந்தால் உலோகம் கொதித்து அந்த நீர் ஆவியாகியிருக்கும். ஒரே குண்டில் உலோகம் வெதுவெதுப்பாகக் கூட ஆவதில்லை, ஆகவே ஈரம் உள்ளேயே தங்குகிறது. அதோடு கரியும் சேர்ந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சு போலத் தகடுகளில் ஒட்டிக்கொள்கிறது. பழைய வகைத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை மிச்சம் வைக்கும். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். வீடு திரும்பியவர் சைலன்சரைக் கழற்றாமல் துப்பாக்கியை அலமாரியில் நிமிர்த்தி வைத்துவிட்டால், உள்ளே தேங்கிய நீர் மரையின் வழியே குழலுக்குள் இறங்கித் துப்பாக்கியின் வாயையே துருவாக்கிவிடும். அடுத்த பருவம் வரை அவர் அதை அறியமாட்டார்.

எங்கள் என்ஜினுக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் பிறக்கிறது. இதைச் சொன்னால் நம்பாதவர்களே அதிகம். முழுச் சுமையில் புகையின் சூடு 400 பாகையைத் தாண்டுவதால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். ஆனால் பருவம் முடிந்த பிறகு, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஐந்து நிமிடம் சுமையின்றி ஓட்டி நிறுத்துவோமே, அதுதான் சைலன்சருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய தீங்கு. குளிர்ந்த தகட்டில் நீர் படியும், டீசலில் உள்ள கந்தகம் அதில் கரைந்து அமிலமாகும், அந்த அமிலம் தாழ்ந்த பக்கத்தில் தேங்கும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டதால் இந்தத் தொல்லை தணிந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் குறையவில்லை. வேதாரண்யம் உப்பளங்களின் பக்கமிருந்து வரும் காற்று வெளிப்புறத்துக்கும் உப்பைச் சேர்க்கிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் என் பெரியப்பாவிடம், "அண்ணே, ஓட்டுனா அரை மணி நேரமாச்சும் தண்ணி எறைச்சு ஓட்டுங்க, இல்லாட்டித் தொடாதீங்க" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பெரியப்பாவுக்கு அது சரியாகக் கேட்டிருக்காது. ஓட்டை விழுந்த சைலன்சரோடு பல பருவங்கள் என்ஜின் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்தவர் அவர். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் கேட்பது செவிக்கு நல்லதல்ல என்பதை அன்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. புதுச் சைலன்சரின் விலையை மிச்சப்படுத்தியதாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

இணைப்பு தளர்வது வேறு வகைக் கோளாறு. துப்பாக்கியில் அது ஆபத்தானதும் கூட. தடுப்புத் தகட்டின் துளைக்கும் குண்டுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருக்கும். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள சைலன்சர் மரை தளர்ந்து ஒரு பாகையில் பத்தில் மூன்று பங்கு சாய்ந்தாலே, அதன் முனை ஒரு மில்லிமீட்டர் விலகிவிடும். குண்டு தகட்டில் உரசும், சில சமயம் சைலன்சரையே பிய்த்தெறியும். ஆகவே சைலன்சரை நேராக நிறுத்துவது மரை அல்ல, மரைக்குப் பின்னால் குழலில் வெட்டப்பட்டிருக்கும் தோள் போன்ற விளிம்புதான். அந்த விளிம்பில் ஒட்டிய சிறு கரித்துணுக்கே சாய்வை உண்டாக்கப் போதுமானது. சேறோ பனியோ துளையை அடைத்திருந்தாலும் இதே ஆபத்து உண்டு. மழையில் போகும் வேட்டைக்காரர்கள் வாய்ப்புறத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுவது அதனால்தான். நம் என்ஜின்களின் குழாயில் குளவி மண்கூடு கட்டுவதும், அதைத் தடுக்கக் கொட்டாங்குச்சி கவிழ்ப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

சைலன்சரை மாட்டினால் குழலின் முனையில் எடை கூடி அதன் அதிர்வு மாறும். குண்டு விழும் இடமும் மாறும். இது பழுதன்று. ஆனால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வந்து நிற்காத சைலன்சர் பழுதானதுதான், ஏனெனில் அதன் விலை விலங்கின் உடலில் படும் தவறான காயம்.

ஒரு கருவியை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கணக்கிடும் பொறியாளர்கள், ஒன்றையொன்று சார்ந்த உறுப்புகளின் நம்பகத்தைப் பெருக்கிப் பார்க்கிறார்கள். பத்து உறுப்புகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 முறை சரியாக வேலை செய்தாலும், மொத்தக் கருவி 90 முறைதான் வேலை செய்யும். சைலன்சரின் கதையில் இந்தக் கணக்கைவிட முக்கியமானது காலக்கணக்கு. ஆண்டின் 8760 மணி நேரத்தில் எங்கள் என்ஜின் 500 மணி நேரத்துக்கு மேல் ஓடியதாக நினைவில்லை. துப்பாக்கியிலோ ஒரு சூட்டின் வாயு சைலன்சருக்குள் இருப்பது நொடியின் சிறு பின்னமே. வாழ்நாளில் ஆயிரம் முறை சுட்டாலும் அந்தச் சைலன்சர் உழைத்த மொத்த நேரம் ஒரு நிமிடம் ஆகாது. மிச்சமுள்ள ஆண்டுகள் எல்லாம் அது கிடக்கும் நேரம். துரு எண்ணுவது அந்த நேரத்தைத்தான்.

ஆகவே நாங்கள் இப்போது தை மாதத்தில் செய்வது இதுதான். கடைசி நாள் தண்ணீர் இறைத்து அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிய பின், சூடு ஆறியதும் சைலன்சரைக் கழற்றி, கட்டையால் தட்டிக் கரியை உதிர்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி அடுப்படிப் பரணில் தொங்கவிடுகிறோம். மரையில் கிராஃபைட் கிரீஸ் தடவி, என்ஜின் பக்கத்து வாயைத் துணி சுற்றிய மரத்தக்கையால் அடைக்கிறோம். அடிப்பக்கத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஆணி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டிருக்கிறோம். ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அதன் வழியே கறுத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவதைக் காணலாம்.

நார்வேக்காரர் தன் சைலன்சரைக் கழற்றி வெப்பமான அறையில் திறந்து வைக்கிறார், துப்பாக்கியை வேறாக வைக்கிறார். அடுத்த பருவத்தில் மாட்டியதும், சுடுவதற்கு முன் ஒரு நேரான கம்பியைக் குழலுக்குள் செலுத்தி, அது எல்லாத் துளைகளின் நடுவிலும் போகிறதா என்று வாய்ப்புறத்திலிருந்து பார்த்துக்கொள்கிறார்.