மஞ்சளைக் கல்லீரல் என்ன செய்கிறது?

பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் மஞ்சள் தூளாகவும் கிடைக்கும், மாத்திரையாகவும் கிடைக்கும். போன வாரம் மாமா ஒரு மாத்திரைப் போத்தலைக் காட்டி, "இது கல்லீரல் புற்றுநோயையே கரைக்குமாமே?" என்றார். ஆய்வுக்கூடத்தில் ஓரளவு உண்மைதான் என்றேன். உடனே பர்ஸை எடுத்துவிட்டார்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றணுக்கள் மேல் அதை ஊற்றினால், என்.எஃப்.கப்பா-பி என்ற புரதத்தை அது முடக்குகிறது. புற்றணு சாகாமல் தாக்குப்பிடிக்க உதவும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் அது. அது அடங்கினால், செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ள வழி பிறக்கிறது.

சரி, வாயில் போட்டால்? குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். உள்ளே நுழைகிற கொஞ்சத்தையும் குடற்சுவரும் கல்லீரலும் பிடித்து, குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டிக் கழிவாக்கி வெளியே தள்ளிவிடும். வெளியிலிருந்து வரும் வேதிப்பொருள்களை இப்படி மூட்டை கட்டி அனுப்புவது கல்லீரலின் அன்றாட வேலை. யாரைக் காப்பாற்ற மருந்து வந்ததோ, அவரே வாசலில் நின்று விரட்டுகிறார்!

மிளகு இங்கேதான் வருகிறது. அதிலுள்ள பைப்பரின் அந்த ஒட்டும் வேலையைத் தடுக்கும். 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது, உடலில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. ரசம் வைக்கிறவர்கள் பெருமைப்படலாம். ஆனால் ஏறக்குறைய ஒன்றுமில்லாததின் 20 மடங்கு அப்படியொன்றும் பெரிதல்ல. அதோடு, காவலைக் கட்டிப்போட்டால் மற்ற மருந்துகளும் உடலில் தேங்கும். மிளகுச் சத்து கலந்த மஞ்சள் மாத்திரையால் கல்லீரலே வீங்கிப் போனவர்களும் உண்டு.

செடியிலிருந்து மருந்து வரவே வராதா? வந்திருக்கிறது. எபிமீடியம் என்ற மூலிகை வழி வந்த இகாரிடின் மாத்திரைக்கு, முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்காக 2022இல் சீனா நிபந்தனையோடு அனுமதி தந்தது. மூலிகையை இடித்துக் கொடுக்கவில்லை. ஒரே மூலக்கூறை எடுத்து, அளவு வகுத்து, நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிலும் குறிப்பிட்ட சிலருக்குத்தான் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல். கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் அந்தக் கிருமியும் ஒன்று. மாமா அதற்கு வெகு முன்பே பிறந்தவர்.

"மாமா, இந்தக் காசுக்கு கிளினிக்கில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்களேன்" என்றேன். போத்தலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அத்தை எழுதிக் கொடுத்த மஞ்சள் தூளை மட்டும் வாங்கினார்.