நிறுவனப் பிணைப்பு: சொல் விளக்கம்

மருத்துவக் கல்வி பற்றிய மேலாண்மை ஆய்வுகளில் 'ஆர்கனைசேஷனல் கமிட்மென்ட்' எனப்படுவது, ஓர் ஆசிரியரைத் தாம் பணியாற்றும் கல்லூரியை விட்டு அகலாமல் நிறுத்தும் மனநிலையாகும். இதனைத் தமிழில் 'அர்ப்பணிப்பு' என்று எழுதும் வழக்கம் பரவியிருந்தாலும், அது பொருந்துவதாகத் தெரியவில்லை; 'பிணைப்பு' என்பதே பொருந்தும். நோயாளிகளுக்காக இரவுபகல் பாராது உழைக்கும் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஒருவர், தம் கல்லூரியின்மேல் எந்தப் பற்றும் இல்லாமல், அடுத்த மாதமே வேறிடம் செல்ல அணியமாக இருக்கலாம். அவரிடம் அர்ப்பணிப்பு உண்டு, ஆய்வாளர் தேடும் பொருள் இல்லை.

மூலச்சொல் இலத்தீனின் 'கொமித்தெரே'. சேர்த்து வைத்தல், ஒப்படைத்தல் என்பன அதன் பொருள்கள். ஆங்கிலத்தில் 'கமிட்மென்ட்' ஒருவரைச் சிறைக்காவலில் ஒப்படைப்பதையும் குறித்தது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. ஏனெனில், விரும்பி இருப்பதும் வேறு வழியின்றி இருப்பதும் இக்கலைச்சொல்லுக்குள் ஒருங்கே அடங்குகின்றன. கனடாவின் உளவியலாளர்கள் ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991இல் இதனை மூன்றாகப் பகுத்தனர். நிறுவனத்தை விரும்புவதால் இருப்பது முதலாவது. விலகினால் ஓய்வூதியமும் பணிமூப்பும் போய்விடும் என்பதால் இருப்பது இரண்டாவது. இருப்பதே முறை என்று கருதி இருப்பது மூன்றாவது. இவற்றைப் பற்றுப் பிணைப்பு, தேவைப் பிணைப்பு, கடமைப் பிணைப்பு எனலாம்.

சிலர் 'கடப்பாடு' என்பதைப் பொதுச்சொல்லாக ஆள்கின்றனர். "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்று குறள் (211) ஆண்ட அழகிய சொல் அது. கடன், கடமை ஆகியவற்றின் உறவுச்சொல். ஆனால், பயன் எதிர்பாராத செயலுக்கு வள்ளுவர் வைத்த பெயரை, ஓய்வூதியக் கணக்குப் பார்த்து இருப்பவருக்கும் சூட்டுவது முரணாகும். அது மூன்றாம் வகைக்கு மட்டுமே ஒத்துவரும்.

தலைமைப் பாங்கு பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மக்ரெகர் பர்ன்ஸ் 1978இல் பிரித்துக்காட்டி, உளவியலாளர் பெர்னார்ட் பாஸ் 1985இல் விரித்தெழுதிய உருமாற்றத் தலைமை, அதாவது பொது நோக்கத்தைக் காட்டி ஒவ்வொருவரின் வளர்ச்சியிலும் அக்கறை கொள்ளும் தலைமை, பற்றுப் பிணைப்போடு வலுவாகவும் தேவைப் பிணைப்போடு மிக மெலிதாகவும் தொடர்புறுவதாகவே ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. இதற்கு மாறாக, செய்ததற்குப் பலன், தவறினால் தண்டனை என இயங்குவது பரிமாற்றத் தலைமை. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் ஆதார் வழி வருகைப்பதிவையும் 75 விழுக்காடு வருகையையும் ஆசிரியர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது; இந்த விதியை நிறைவேற்றுவதோடு நின்றுவிடும் கல்லூரி முதல்வர், ஆசிரியரைக் கல்லூரி வளாகத்தில் இருக்கச் செய்யலாம், தனியார் மருத்துவமனை தரும் கூடுதல் வருமானத்தை அவர் மறுக்கும் அளவுக்குப் பற்று வளர்க்க முடியாது.

'தலைமை' என்றதும் முதல்வரையே நினைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதவிப் பேராசிரியரின் பணிமுறைப் பட்டியலும் விடுப்பும் அவர் நடத்தும் வகுப்புகளும் பெரும்பாலும் துறைத்தலைவரின் கையில் இருப்பவை. ஆகவே, ஆய்வு வினாத்தாளைத் தமிழாக்குவோர் 'உங்கள் தலைவர்' என்று பொதுப்பட எழுதாமல், யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுதல் வேண்டும்.