ஏலத்தில் பழைய நோட்டு எடுக்கப் போகிறீர்களா? ஹோல்டரைத் திருப்பிப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதுதான் என் தொழில். கொஞ்ச காலமாக என்னிடம் வருகிறவர்களில் பலர் வாங்கவும் வருவதில்லை, விற்கவும் வருவதில்லை; ஆன்லைன் ஏலத்தில் எடுத்து கூரியரில் வந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொடுத்த விலை சரிதானா சார்?" என்று கேட்க வருகிறார்கள். ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் அதிகம். பணம் கட்டிய பிறகு கேட்டு என்ன செய்ய?

ஏலத்து நோட்டுகளுக்குப் போடும் கிரேடிங், அதாவது தர எண், என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. பிஎம்ஜி, பிசிஜிஎஸ் மாதிரி அமெரிக்க நிறுவனங்கள் நோட்டு அசல்தானா என்று பார்த்து, 70 வரை போகும் அளவுகோலில் ஓர் எண் கொடுத்து, பிளாஸ்டிக் ஹோல்டரில் போட்டு மூடித் தருகின்றன. அந்த எண் நோட்டின் நிலைமையை மட்டும்தான் சொல்கிறது. அது எவ்வளவு அரிது, என்ன விலை போகும் என்பதெல்லாம் அதில் இல்லை. புதுக் கட்டிலிருந்து உருவிய இன்றைய பத்து ரூபாய் நோட்டுகூட 67 வாங்கிவிடும். 1917-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் நோட்டு வெறும் 20 வாங்கினாலும் அதற்குப் போட்டி போட ஆள் இருக்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் இபிக்யூ என்று மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். காகிதம் அதன் இயல்பிலேயே இருக்கிறது, கழுவி அழுத்தி ஒட்டுப் போட்ட வேலை எதுவும் இல்லை என்று பிஎம்ஜி சொல்வதற்கான அடையாளம் அது. பிஎம்ஜியில் 65-உம் அதற்கு மேலும் வாங்கும் நோட்டுக்கு இது இருந்தே ஆக வேண்டும். 65 போட்டிருக்கிறது, இபிக்யூ இல்லை என்றால் நான் நோட்டை விட்டுவிட்டு ஹோல்டரைத்தான் சந்தேகப்படுவேன். மாறாக 'நெட்' என்று இருந்தால் நோட்டில் ஏதோ குறை இருக்கிறது, அதைக் கழித்துத்தான் எண் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அப்புறம் யாரும் பார்க்காத இடம், ஹோல்டரில் எண் போட்டிருக்கும் லேபிளின் பின்பக்கம். போன மாதம் ஒரு பையன் 1938-இல் வந்த ஐந்து ரூபாய் நோட்டு கொண்டுவந்தான், ரிசர்வ் வங்கி வெளியிட்ட முதல் நோட்டு அதுதான், ஆறாம் ஜார்ஜ் படம், அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் டெய்லர் கையெழுத்து. முன்பக்கம் வெரி ஃபைன் 30. திருப்பினால் சின்ன எழுத்தில் 'ரஸ்ட், அனோட்டேஷன்' என்று இருக்கிறது. விளக்கடியில் சாய்த்துக் காட்டினேன்: குண்டூசி இருந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், ஓரத்தில் யாரோ கட்டு எண்ணும்போது மையில் கிறுக்கிய கணக்கு. "ஏலத்துல முன்பக்க போட்டோ மட்டும்தான் சார் இருந்துச்சு" என்றான். கேட்டால் பின்பக்கப் படமும் அனுப்புவார்கள், கேட்பதற்குக் காசு கிடையாது, அனுப்ப மறுத்தால் அந்த லாட்டை விட்டுவிடுவது நல்லது.

ஆனால் 'ஸ்டேபிள் ஹோல்ஸ் அட் இஷ்யூ' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நம் நாட்டில் நோட்டுக் கட்டுகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பதுதான் வழக்கமாக இருந்தது, ரிசர்வ் வங்கி 2001-இல்தான் அதை நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய நோட்டு புதுசாகவே இருந்தாலும் ஓட்டை இருக்கும்.

போலி ஹோல்டரும் சந்தையில் உண்டு. லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணைக் கிரேடிங் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாக வருகிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், போலி செய்கிறவனும் உண்மையான எண் ஒன்றைப் பார்த்துத்தான் அச்சடிப்பான், அதனால் எண் சரியாகத்தான் வரும். அங்கே வரும் படத்தில் நோட்டின் வரிசை எண், மடிப்பு, கறை, ஓர வெட்டு எல்லாம் ஏலப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத கிரேடிங் கம்பெனியின் ஹோல்டர் என்றால் நோட்டு வெறுமனே கையில் இருப்பதாக நினைத்து விலை சொல்லுங்கள், பிளாஸ்டிக்குக்கு மதிப்புப் போடாதீர்கள்.

விலைக்கு வருவோம். ஏலத்தில் 40,000-க்கு விழுந்தது என்றால் 40,000 கட்டினால் போதாது. வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 8,000, அதற்கு ஜிஎஸ்டி, கூரியர், எல்லாம் சேர்ந்து 50,000-ஐத் தொட்டுவிடும். வெளிநாட்டு ஏலம் என்றால் சுங்கவரியும் தனி. ஆகவே உச்ச விலையை இதையெல்லாம் கழித்துக்கொண்டு முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும், ராத்திரி கடைசி நிமிடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. 1978-இல் செல்லாமல் போன, தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு வந்தால் நம்மூர் ஆட்களுக்குக் கணக்கெல்லாம் மறந்துவிடுகிறது.

2016-இல் நிறுத்திய 500, 1000 நோட்டுகளைச் சேர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: 2017 சட்டப்படி சாதாரணமாகப் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை.

தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் போன் வேறு ரகம். பீரோவில் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறது, லட்சக்கணக்கில் வாங்குவதாக ஒருவன் சொல்கிறான், ரிசர்வ் வங்கிக் கடிதம்கூட அனுப்பியிருக்கிறான், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டச் சொல்கிறான் என்பார்கள். ரிசர்வ் வங்கி பழைய நோட்டு வியாபாரத்தில் இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் எனக்குப் போன் போட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.