தீர்க்கதரிசனம்: பலிப்பதும் நிறைவேறுவதும்

தீர்க்கம் என்றால் நீளம், தரிசனம் என்றால் காண்பது. இரண்டும் வடசொல். சேர்த்துப் பார்த்தால் 'நெடுந்தொலைவு காண்பது'. அதனால்தான் முன்யோசனையோடு அணை கட்டிய தலைவரையும் நாம் தீர்க்கதரிசி என்கிறோம்.

பைபிளின் மூலமொழிகளில் இந்தச் சொல் கண்ணைவிட வாயோடுதான் அதிகம் ஒட்டியது. எபிரேயத்தில் 'நாவி', தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் 'நபி' இதன் அரபி உறவு. கிரேக்கத்தில் 'புரொபேத்தேஸ்', அதாவது கடவுளின் சார்பில் பேசுகிறவர். பார்ப்பவரைக் குறிக்கும் சொல்லும் இருந்தது. காணாமல் போன கழுதைகளைத் தேடிப் போன சவுல், காணிக்கையாகக் கால் சேக்கல் (பழைய எடை அளவு) வெள்ளியோடு கடவுளின் மனிதர் சாமுவேலிடம் வழி கேட்கப் போகிறான். கதையை அங்கேயே நிறுத்தி, 'இன்று நாவி எனப்படுபவரை முன்பு ரோயே, அதாவது காண்பவர், என்பார்கள்' என்று 1 சாமுவேல் 9:9 விளக்குகிறது. பைபிளுக்குள்ளேயே ஒரு சொல் விளக்கம்!

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கு', 'இறைவாக்கினர்' என்றது. பேச்சைக் குறிப்பதால் மூலத்துக்கு இதுவே நெருக்கம். 'முன்னறிவிப்பு' எனக்குப் பிடிப்பதில்லை. வானிலை அறிக்கை நினைவுக்கு வருகிறது. ஆனாலும் பல சீர்திருத்தச் சபைகளில் தீர்க்கதரிசனம்தான் இன்றும் நாவில் இருக்கிறது.

அடுத்த சொல் இன்னும் முக்கியம்: நிறைவேறுதல். நம் பேச்சில் ஜோசியம் 'பலிக்கும்', நேர்த்திக்கடன் 'நிறைவேறும்'. பலிப்பது ஊகம் சரியாக இருந்தது என்பது. நிறைவேறுவது குறையாகக் கிடந்தது முழுமையானது என்பது. இயேசுவின் வரலாற்றை எழுதிய மத்தேயு பயன்படுத்தும் கிரேக்க வினை 'ப்ளேரோ'வுக்கும் நிரப்புதல் என்றே பொருள். மத்தேயு 13:48இல் வலை மீனால் நிறைவதற்கும் அதே வினைதான்.

இது புரியாவிட்டால் மத்தேயு 2:15 குழப்பும். குழந்தை இயேசு எகிப்தில் தங்கியதால் ஒரு பழைய இறைவாக்கு நிறைவேறியது என்கிறது அது. 'எகிப்திலிருந்து என் மகனை அழைத்தேன்' என்ற ஓசேயாவின் வரி (11:1) வருங்காலத்தைப் பற்றியதே அல்ல. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வந்த பழைய கதை. ஜோசியமாகப் படித்தால் இதில் பலிக்க எதுவும் இல்லை. இஸ்ரவேலின் கதை இயேசுவிடம் வந்து நிறைகிறது என்பதே மத்தேயுவின் வாதம்.

கிறித்தவ நம்பிக்கையில் இதற்கு அடித்தளத்திலேயே இடம் உண்டு. கிறிஸ்து மரித்ததையும் மூன்றாம் நாள் எழுந்ததையும் சொல்லும் பவுல், இரண்டுக்கும் 'வேதவாக்கியங்களின்படி' என்று சேர்க்கிறார் (1 கொரிந்தியர் 15:3-4).

இதைப் பற்றிய விவாதமும் அன்றே தொடங்கிவிட்டது. ஒரு பெண் மகனைப் பெறுவாள் என்று சொல்லும் ஏசாயா 7:14இல் அவளைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'அல்மா', இளம்பெண். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'பார்த்தெனோஸ்', கன்னி, என்றது. இயேசுவின் பிறப்புக்கு மத்தேயு எடுத்தாண்டது கிரேக்கத்தை. 2ஆம் நூற்றாண்டில் கிறித்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதிய உரையாடலில் திரிபோ என்ற யூதர் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்: அங்கே கன்னி என்று இல்லையே, அது பழைய யூத அரசன் எசேக்கியாவைப் பற்றியதுதானே என்று. திருவிவிலியத்தில் ஏசாயாவைத் திறந்தால் 'இளம்பெண்' இருக்கும். மத்தேயுவுக்குப் புரட்டினால் 'கன்னி'. இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.