ஆச்சி காதும் என் மூக்கும்

எனக்கு முதல் தடவை மூக்கு குத்தியது பதினேழு வயதில். திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டுக்கு வழக்கமான ஆசாரி குத்தினார். மூன்று வாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு ராத்திரி அரிப்புத் தாங்காமல் மூக்குத்தியைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் போட்டால் முனை நுழையவில்லை. ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.

அதே வீட்டில் ஆச்சி இருந்தாள். அவள் காதில் தொங்கிய பாம்படத்தை அழித்துத்தான் அம்மா கல்யாணத்துக்கு நகை செய்தார்கள். இருபது வருஷமாகக் காதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தத் துளைக்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போகும். என் ஓட்டை ஒரு ராத்திரி தாங்கவில்லை, அவளுடையது இருபது வருஷமாகியும் மூடவில்லை. ஏன்?

ஊசி உண்டாக்குவது காயம்தான். ஓட்டையைப் போடுவது நம் தோல். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஊசி நுழைந்ததும் அறுபட்ட நுண்குழாய்களை இரத்தத் தட்டுகள் வந்து அடைக்கும். ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி, மூக்குத்திக் கம்பியைச் சுற்றிப் பசையாகப் படியும். சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்கத் தொடங்கும். மூக்கு கோவைப்பழமாகச் சிவந்து, தொட்டால் சுடுவது இந்த வேலையால்தான். முதல் சில நாள் அப்படி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்து நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தோலின் மேலடுக்குச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. காயத்தின் ஓரத்தில் நிற்கிற செல், இன்னொரு செல்லைத் தொடும்வரை ஊர்ந்துகொண்டே இருக்கும். முழங்கால் சிராய்ப்பில் நாலாபக்கமும் இருந்து ஊர்ந்து வந்து, நடுவில் முட்டியதும் நின்றுவிடும். மூக்கிலோ நடுவே கம்பி நிற்கிறது, குறுக்கே போக வழியில்லை. அதனால் கம்பியை ஒட்டியே உள்ளே ஊர்கின்றன. வெளித்தோலிலிருந்து ஒரு கூட்டம் வரும், மூக்குக்குள்ளிருந்து இன்னொரு கூட்டம் வரும். (மூக்கு வாசலில், முடி முளைக்கிற இடத்தில் இருப்பதும் தோல்தான்.) இரண்டும் சதைக்குள் சந்திக்கும்போது கம்பியைச் சுற்றி ஒரு தோல் குழாய் உருவாகியிருக்கும்.

தேரிக்காட்டு மணலில் கிணறு வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உறை இறக்காமல் விட்டால் சரிந்து மூடிவிடும். மூன்றாம் வாரம் என் மூக்கில் உறை முழுதாக இறங்கியிருக்கவில்லை, நடுவில் பச்சைப் புண். கம்பியை உருவியதும் புண்ணின் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டன. காயத்தைச் சுருக்கி இழுப்பதையே வேலையாக வைத்திருக்கும் செல்களும் அங்கே இருந்தன. ஆச்சி காதிலோ உள்சுவர் முழுக்கத் தோல். உடம்பின் கணக்கில் அது காயமே இல்லை, விரலிடுக்கு மாதிரி அதுவும் வெளிப்புறம்தான். மூடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? தோல் என்பதால் செத்த செல்கள் உதிரும், எண்ணெய் கசியும். நாள்பட்ட தோட்டைக் கழற்றினால் ஒரு வாடை அடிக்குமே, அது இந்தச் சரக்கும் அதைத் தின்று வாழும் பாக்டீரியாவும்தான். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழைய மனித உடலின் காதின் கீழ்மடலில்கூடப் பெரிதாக்கிய துளை தெரிகிறது.

ஆச்சிக்கு அது ஒரே நாளில் வந்ததில்லை. சிறு வயதில் குத்தி, பஞ்சு திணித்து, அப்புறம் பனையோலைச் சுருள் வைத்தார்களாம். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும், இரவும் பகலும் மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கும். தொடர்ந்து மெல்ல இழுபடும் தோல் புதுச் செல்களைப் பெருக்கிக்கொள்ளும். இன்றைக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியில் தோலுக்கடியில் பலூன் வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக சலைன் என்ற உப்புக் கரைசலை ஏற்றித் தோலை வளர்க்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான். அவசரப்பட்டு இழுத்தால் இரண்டுமே கிழியும்.

போன மாசியில் அக்கா மகளை மூக்கு குத்தக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி இறங்கிய நொடியில் அவள் வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. "அழல சித்தி, தண்ணி தன்னால வருது" என்றாள். நிஜம்தான். மூக்குக்கும் கண்ணுக்கும் உணர்வு கொண்டுபோவது ஒரே முக்கிளை நரம்பின் கிளைகள். அந்த வழியில் சுரீர் என்று ஒரு செய்தி போனால் மூளை கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. மூக்கு முடியைப் பிடுங்கினாலும் இதே கதைதான். மற்றபடி, மூக்கு குத்தினால் பிரசவ வலி குறையும் என்று சொல்கிறார்கள். மூக்கிலிருந்து கருப்பைக்குப் போகிற நரம்பு எதுவும் கிடையாது.

ஊசியா, கன் என்கிற குத்தும் துப்பாக்கியா என்று கேட்டால் நான் ஊசி பக்கம். புது ஊசியின் சாய்ந்த முனை சதையை அறுத்துக்கொண்டு போகும். கன்னில் ஸ்பிரிங் விசையோடு மொட்டைக் கம்பி சதையைப் பிய்த்துக்கொண்டு நுழைகிறது. அந்தக் கன்னின் பிளாஸ்டிக் உடம்பை 121 டிகிரி நீராவியில் ஆட்டோகிளேவ் செய்து கிருமி நீக்கவும் முடியாது, ஸ்பிரிட்டால் துடைப்பதோடு சரி. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் தொற்றக் கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தம் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "ஏட்டி, தெனமும் எண்ணெய் வச்சுத் திருகி விடு, இல்லேன்னா ஒட்டிக்கிடும்." இதில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. கம்பியைச் சுற்றிப் படிகிற மஞ்சள் பொருக்கு பெரும்பாலும் சீழ் இல்லை, காய்ந்த நிணநீர். அதோடு திருகினால் பொருக்கு அரம் மாதிரி உள்ளே போய், முந்தின நாள் ஊர்ந்து வந்த செல்களைச் சீவிவிடும். பொருக்கு ஊறினால் தானே வரும். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் காட்டியது, ஈரமாக வைத்த காயத்தில் தோல் செல்கள் காய்ந்த காயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடுகின்றன என்பது. மருந்துக்கடை சலைன் 0.9 சதவீத உப்பு, நம் திசுநீருக்கு ஈடான அளவு, அதனால் எரியாது. தினம் இரண்டு தடவை அதில் நனைத்து ஒற்றினால் போதும். மஞ்சள் பத்து கிருமிக்கு எதிரியாகவே இருந்தாலும் அதன் தூள் துளைக்குள் அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய், மஞ்சளில் விட்டாலும் தங்க விஷயத்தில் அம்மா கட்சிதான் ஜெயித்தது. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். கவரிங்கில் மேல்பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கலாம். வியர்வையில் கரைந்து வரும் நிக்கல் அயனிகள் தோல் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நோயெதிர்ப்பு டி செல்கள் அதை அந்நியன் என்று பதிவு செய்துகொள்ளும். ஒரு தடவை பதிவானால் அநேகமாக ஆயுசுக்கும் அழியாது. பிறகு பெல்ட் கொக்கி பட்டாலும் அரிக்கும். புதுப் புண்ணில் நிக்கல் நேரே இரத்தத்தைத் தொடுவதால்தான், ஐரோப்பிய ஒன்றியம் குத்தும் கம்பிக்கு வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் என்று தனியாக வரம்பு வைத்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. மூக்கு, மேலுதட்டுப் பகுதியின் சிரைகள் கண் வழியாக மூளைக்கடியில் இருக்கும் இரத்தக் குழிவோடு தொடர்பு கொண்டவை. அபூர்வம்தான், ஆனாலும் கிருமி அந்த வழியில் ஏறலாம். சிவப்பு பரவினாலோ, கெட்டியான சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டர். அதுவரை மூக்குத்தியைக் கழற்ற வேண்டாம், வாசல் மூடிச் சீழ் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

காதின் கீழ்மடலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்றால் மூக்குக்கு நாலு முதல் ஆறு மாதம். அக்கா மகளுக்கு அதுவரை குறுக்குத்துறை ஆற்றில் முங்கிக் குளிக்கத் தடை போட்டிருந்தேன். ஆடிச் சாரலில் குற்றாலம் போனபோது ஐந்து மாதம் முடிந்திருந்தது, பொருக்கும் நின்றுவிட்டது. சரி, போ என்றேன். ஐந்தருவியில் மூக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே நின்றாள். கிருமிக்குப் பயந்து இல்லை, ஒற்றைக் கல் வைரத்தை அருவி அடித்துக்கொண்டு போய்விடும் என்று. நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் தடவை குத்திய மூக்குத்தி என் மூக்கில் அசையாமல் இருந்தது, பழைய புள்ளிக்கு ஓர் எள் அளவு தள்ளி.