குட்மான் ‘குடியேறி’ அல்ல

பாராலிம்பிக் நெருங்கினால் போதும், அதற்கு வித்திட்ட மருத்துவர் லுட்விக் குட்மானைப் பற்றி நம் இதழ்களில் ஒரு கட்டுரை வந்துவிடும். மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் தங்கம் வென்ற பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ‘ஜெர்மானியக் குடியேறி மருத்துவர்’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. அயல்மொழி மூலத்தில் இருப்பது ‘எமிகிரன்ட்’, அதாவது நாட்டை விட்டு வெளியேறியவர்.

லத்தீனில் ‘மிக்ராரே’ என்றால் இடம் மாறுதல். முன்னால் ‘எ’ சேர்ந்தால் வெளியே போவது, ‘இன்’ சேர்ந்தால் உள்ளே வருவது. எமிகிரன்ட், இம்மிகிரன்ட் இரண்டும் இப்படிப் பிறந்தவை. ஜெர்மனில் ‘அவுஸ்வாண்டரர்’ என்று சொந்தச் சொல்லே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஹாம்பர்க்கிலும் பிரேமனிலும் கப்பலேறி அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களை அப்படித்தான் சொல்வார்கள். 1933க்குப் பிறகு ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி ஓடியவர்கள்தான் ‘எமிகிரன்ட்’. அந்தப் பெயரும், அப்படித் தப்பிய ஜெர்மன் கவிஞர் பிரெக்டுக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் விரும்பியா போனோம், விரட்டப்பட்டோம் என்று கவிதையே எழுதினார்.

இப்போது ‘குடியேறி’க்கு வருவோம். ஏறுவது என்றாலே போய்ச் சேரும் இடத்திலிருந்து பார்க்கும் பார்வை. பிரிட்டன்காரர் குட்மானைக் குடியேறியவர் என்று சொன்னால் சரி. அவரை ‘ஜெர்மானிய’ என்று அடையாளம் சொல்லி, கூடவே ‘குடியேறி’ என்றும் போட்டால், ஜெர்மனியில் போய்க் குடியேறியவர் என்றுதான் முதலில் படுகிறது. திசையே தலைகீழ். இதைவிட மோசம், சில இடங்களில் ‘யூதக் குடியேறி’ என்று எழுதுவது. மேற்குக் கரைச் செய்திகளில் நம் நாளிதழ்கள் அன்றாடம் புழங்கும் சொல் அது. அங்கே அது பாலஸ்தீன நிலத்தில் போய்க் குடியிருப்பு அமைத்தவர்களைக் குறிக்கும், அதன் அரசியல் வேறு. குட்மானுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

அவர் கதையைப் பாருங்கள். 1899இல் அன்றைய ஜெர்மனியின் மேல் சிலேசியாவில் பிறந்தவர், பிரெஸ்லாவில் பெயர் பெற்ற நரம்பியல் மருத்துவர். யூதர் என்பதால் 1933இல் வேலை போனது. அப்புறம் அதே ஊரின் யூத மருத்துவமனைக்குப் போய், அதன் இயக்குநராகவும் ஆனார். யூதர்கள்மீதான 1938 நவம்பர் வெறியாட்டத்தின்போது, தஞ்சம் தேடி வந்தவர்களை எல்லாம் கேள்வி கேட்காமல் உள்ளே சேர்க்கச் சொன்னார். மறுநாள் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்து நின்றபோது, ஆளாளுக்கு ஒரு நோய் சொல்லிப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். 1939 மார்ச்சில் மனைவி மக்களோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வெளியேறுபவர்களின் சொத்தில் கால் பங்கைப் பிடுங்கிய வரியை ஹிட்லர் அரசு அழைத்த பெயரே ‘ரைக்கை (ஜெர்மன் நாட்டை) விட்டு ஓடுவதற்கான வரி’. துரத்தியவர்களே ஓட்டம் என்கிறார்கள், நாம் குடியேற்றம் என்கிறோம்!

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவு அவர் கைக்கு வந்தது. அப்படிக் காயம்பட்டவர்கள் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே இறந்துபோன காலம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். வில்லும் அம்பும் கையில் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் அங்கே அம்பெய்தார்கள். பாராலிம்பிக் வளர்ந்தது அதிலிருந்துதான். 1980இல், எண்பது வயதில் இறந்தார்.

சரி, இவருக்கு எந்தச் சொல்? ‘குடிபெயர்ந்தவர்’ திசையில் சரி, கனத்தில் போதாது. வாடகை வீடு மாறுகிறவரும் குடிபெயர்கிறார். ‘அகதி’ சட்டப்படி பொருந்தலாம், ஆனால் நாற்பது ஆண்டு அங்கே வாழ்ந்து சாதித்தவரைக் கடைசிவரை அகதி என்பது சரியில்லை. அது வடசொல் என்று தள்ளிவிட்டு ‘ஏதிலி’ என்பவர்கள் ‘ஏதிலார் குற்றம்போல்’ குறளை ஒருமுறை படிக்கட்டும். அங்கே ஏதிலார் என்றால் நமக்குத் தொடர்பில்லாத அயலார். தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். அதற்காக, துயரப்பட்டு வந்தவரை அயலான் என்று கூப்பிடுவதா?

என் தேர்வு ‘புலம்பெயர்ந்தவர்’. பட்டினப்பாலையின் ‘புலம்பெயர் மாக்கள்’ தாமாக வந்து பூம்புகாரில் இனிதாக வாழ்ந்தவர்கள்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் 1983க்குப் பிறகு ஊரை இழந்து வெளியேறிய ஈழத்தமிழர்கள் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் ஏற்றிவிட்டார்கள். போகும் இடத்தைவிட விட்டுவந்த மண்ணைத்தான் அது இன்று முதலில் சொல்கிறது. 2020 பொது முடக்கத்திலிருந்து எல்லா வெளிமாநிலத் தொழிலாளர்களையும் ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்று எழுதி இதையும் நீர்க்கவிடுகிறார்கள். ‘வெளிமாநிலத் தொழிலாளர்’ என்றால் யாருக்குப் புரியாது?

‘ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்த மருத்துவர்’ என்று எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. தலைப்பில் இடம் போதாது என்பார்கள் உதவி ஆசிரியர்கள். போதாவிட்டால் ‘மருத்துவர் குட்மான்’ என்று மட்டும் போடுங்கள்.