செய்வினையோடு வழக்காடாத சிகிச்சை

குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் முறம். இறந்துபோன மாமியாரின் குரல் மிரட்டுகிறது: "சுற்றினால் உன் பிள்ளை பிழைக்க மாட்டான்." இந்தப் பெண் என் கற்பனை; இத்தகைய குரல் கற்பனையல்ல. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோய் உள்ள சென்னை நோயாளிகள் பலருக்குக் கேட்பது உறவினர் குரல், அதுவும் வீட்டு வேலை ஏவும் குரல் என்று மானுடவியலாளர் டான்யா லூர்மன் குழுவின் 2015ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது.

இவளைத் தாயத்துக்கும் சோளிங்கர் ஆஞ்சநேயர் மலைக்கும் அழைத்துப்போன பிறகே வீட்டாருக்கு வேலூர் பாகாயம் மனநல மருத்துவமனை நினைவுக்கு வரும். வேலூரில் மனச்சிதைவு நோய் புதிதாகக் கண்ட 131 பேரிடம் விசாரித்த ஆய்வு 2007இல் வெளியானது. பெரும்பாலோர் சூனியம், பேய், முன்வினை போன்றவற்றையே காரணமாகச் சொன்னார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைச் சேர்த்து நம்பியவர்களும் உண்டு. இதில் வியக்க ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்கிவிட்டுத் திருநீறும் பூசிக்கொள்கிற ஊர் இது.

மாத்திரையோடு சேர்த்துத் தரும் பேச்சுச் சிகிச்சைக்கு (சிபிடி எனும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை) இந்த நம்பிக்கை தடையாக வேண்டியதில்லை. குரலை அடக்குவது அதன் முதல் வேலையல்ல. சொன்னதைச் செய்துகாட்டும் வல்லமை குரலுக்கு உண்டு என்று அவள் நம்புவதால்தான் கை நடுங்குகிறது; சிகிச்சை கைவைப்பது அந்த நம்பிக்கையில். "செய்வினையெல்லாம் பொய்" என்று தொடங்கினால் அடுத்த வாரம் வரமாட்டாள். குரல் எப்போது ஓங்குகிறது, தூக்கம் கெட்ட மறுநாளா என்று கேட்கலாம். எழுதத் தெரியாவிட்டால் தினசரி காலண்டர் தாளில் கோடு போட்டு வரட்டும். பிறகு ஒரு சோதனை: குரல் மிரட்டும்போதே ஒரு கட்டு சுற்றி முடிப்பது. மாலையில் பிள்ளை பள்ளியிலிருந்து பசியோடு வந்து நிற்கிறான். மிரட்டல் பலிக்கவில்லை. செய்வினை உண்டா இல்லையா என்ற வழக்கை யாரும் தொடவேயில்லை.

பிரிட்டனில் ஷனாயா ராதோட் குழு, கறுப்பின மக்களுக்கும் தெற்காசிய முஸ்லிம்களுக்கும் ஏற்ப இச்சிகிச்சையை மாற்றி அமைத்தது. 2013இல் வெளியான சோதனையில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, மாற்றி அமைத்த சிகிச்சையும் பெற்றவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன. பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் நான் அதை அளவோடுதான் மெச்சுவேன்.

இங்கே இன்னொரு சிக்கல், குடும்பம். வேலூர் சிஎம்சி மருத்துவமனை 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோதே உறவினர் உடன் தங்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு, குரலைப் பற்றி அவளோடு வாதாடக் கூடாது என்பதைக் கணவரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குரல் அவருடைய அம்மாவுடையதாயிற்றே! அவர் எதிரில் அவள் வாய் திறப்பாளா? கொஞ்ச நேரம் அவரை வெளியே உட்காரச் சொல்லத்தான் வேண்டும். சோளிங்கர் குளத்தில் அவளை முழுக்காட்ட அழைத்துப்போகலாமா என்று அவர் கேட்டால், தாராளமாகப் போகலாம். மாத்திரையை நிறுத்துவதும் சங்கிலி போடுவதும் மட்டும் கூடாது.